எரிச்சா கதிரியக்கம் போயிடுமா? ஆஸ்பத்திரிக் குப்பைக்கு ஒரு காலண்டர் கணக்கு

பெருநகர மருத்துவமனை ஒன்றின் அணு மருத்துவப் பிரிவு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். ஒரு கேப்ஸ்யூல், ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் தனி அறையில் இருக்க வேண்டும். அவர் சாப்பிட்ட தட்டு, முகம் துடைத்த டிஷ்யூ, படுத்த விரிப்பு, கழிப்பறைத் தண்ணீர் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அயோடின்-131 ஒட்டியிருக்கும்.

அவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த அறைக்குள் முதலில் கதிர்வீச்சு அளவியோடு ஒருவர் போய் அளந்து பார்க்க வேண்டும். அவருக்குப் பின்னால் பையும் துடைப்பமுமாகப் போகிறவர் துப்புரவுப் பணியாளர். அறையில் கிடக்கும் குப்பையை அவர் எந்தப் பையில் போடுகிறார், அந்தப் பை எந்த அறைக்குப் போகிறது, அங்கே எத்தனை நாள் இருக்கிறது? கதிரியக்கக் கழிவு பற்றிய பேச்சில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்விகள் இவை.

கதிரியக்கக் கழிவு என்றாலே கல்பாக்கமும் கூடங்குளமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஊருக்கு நடுவில் இருக்கும் ஆஸ்பத்திரியின் பின்வாசல் ஞாபகம் வராது. அந்தப் பின்வாசலில் தப்பு நடக்காமல் இருக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு பூட்டிய அறை, ஒரு அளவி, ஒரு தேதி எழுதிய சீட்டு போதும். ஆனால் இந்த மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பதுதான் கஷ்டம்.

'குறைந்த அளவு'ன்னா என்ன அர்த்தம்?

கதிரியக்கக் கழிவைப் பொதுவாகக் குறைந்த அளவு, இடைநிலை அளவு, உயர் அளவு என்று பிரிக்கிறார்கள். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்யும்போது மிஞ்சுவது உயர் அளவுக் கழிவு. அது தானாகவே சூடாக இருக்கும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக்கி வைக்கிறார்கள். கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்ற சண்டை வேறு, இந்தக் கட்டுரை பேசும் விஷயம் வேறு.

குறைந்த அளவுக் கழிவு என்பது கையுறை, காகிதம், பஞ்சு, ஊசிக்குழல், துடைத்த துணி, ஷூ கவர், வடிகட்டி மாதிரியான சாதாரணப் பொருட்கள். அணு உலை, ஆய்வுக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை என எல்லா இடத்திலும் இது உருவாகிறது. உலக அளவில் கதிரியக்கக் கழிவின் கனஅளவில் சுமார் 90 சதவீதம் இந்த ரகம்தான். ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் இதன் பங்கு சுமார் 1 சதவீதம். அதாவது, குப்பை நிறைய, வீரியம் கம்மி.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் இயந்திரங்களால் கதிரியக்கக் கழிவு வருவதில்லை. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன், தைராய்டு சிகிச்சை என உடம்புக்குள் கதிரியக்க மருந்து செலுத்தும் இடங்களில்தான் கழிவு உண்டு.

காலண்டர்தான் முதல் கருவி

ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் 'அரை ஆயுள்' என்று ஒன்று உண்டு. கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. அயோடின்-131க்கு சுமார் 8 நாள். எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணி நேரம். பெட் ஸ்கேனில் பயன்படும் ஃப்ளூரின்-18க்கு 110 நிமிடம். சீசியம்-137க்கு சுமார் 30 வருஷம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 100 பங்கு அயோடின் இருக்கும் ஒரு பையில் 8 நாளில் 50, 16 நாளில் 25, 24 நாளில் 12.5 பங்கு இருக்கும். இப்படிப் பத்து தடவை பாதியானால் தொடக்கத்தில் இருந்ததில் 1,024-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அயோடினுக்கு இது 80 நாள். டெக்னீசியத்துக்கு இரண்டரை நாள். ஃப்ளூரினுக்கு ஒரு நாள்கூட வேண்டாம்.

அதனால்தான் மருத்துவமனைக் கழிவுக்கு முதல் விதி, காத்திருப்பது. தனிப் பையில் கட்டி, என்ன பொருள், என்ன தேதி என்று எழுதி, பூட்டிய அறையில் வைத்து, கணக்கான நாள் முடிந்ததும் அளவியால் அளந்து, சுற்றுப்புறத்தின் இயல்பான அளவுக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகே வெளியே விட வேண்டும். சிகிச்சை அறையின் கழிப்பறைத் தண்ணீருக்கும் இதே நியாயம்தான். அது நேராகச் சாக்கடைக்குப் போகாமல் தனித் தொட்டியில் தேங்கி, வீரியம் குறைந்த பிறகு திறந்துவிடப்படும்.

இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. நெருப்பு வேண்டாம், ரசாயனம் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். இயற்கையே வேலையை முடித்துவிடும். மனுஷன் செய்ய வேண்டியது அவசரப்படாமல் இருப்பது மட்டும்தான். ஆனால் அந்த அவசரம்தான் சிக்கலே.

48 மணி நேரமா, 80 நாளா?

மருத்துவமனைகளின் மற்ற கழிவுகளுக்கு 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி போன்றவை மஞ்சள் பையில் போக வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் வைக்க நேர்ந்தால் காரணத்தோடு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நோய்க்கிருமி பரவக் கூடாது என்பதுதான் நோக்கம். சரியான விதிதான்.

ஆனால் அதே விதிகள் தொடக்கத்திலேயே இன்னொன்றையும் சொல்கின்றன. கதிரியக்கக் கழிவுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அது அணுசக்திச் சட்டத்தின் எல்லை. அங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், 1987ஆம் ஆண்டு கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றும் விதிகளும், 2004ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் வருகின்றன.

காகிதத்தில் எல்லாம் தெளிவு. வார்டில்தான் குழப்பம். ரத்தம் பட்ட ஒரே பஞ்சு, கிருமிக் கணக்கில் 48 மணி நேரத்தில் கிளம்ப வேண்டிய பொருள். அயோடின் கணக்கில் 80 நாள் நகரக் கூடாத பொருள். மற்ற வார்டுகளில் "சீக்கிரம் எடு, சீக்கிரம் அனுப்பு" என்று பழகிய கை, இந்த ஒரு வார்டில் மட்டும் "தொடாதே, வை" என்று மாற வேண்டும். அதுவும் ஒப்பந்த முறையில் வந்து, ஷிஃப்ட் மாறி, ஏஜென்சி மாறி வேலை செய்யும் ஒருவரின் கை. அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்பதில்தான் விதியின் உயிர் இருக்கிறது.

சொல்லிக்கொடுக்காவிட்டால் பை மஞ்சள் வண்டியில் ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் பொது எரிப்பு ஆலைக்குப் போய்விடும்.

எரிச்சா போயிடுமா?

போகாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நெருப்பு என்பது வேதியியல் மாற்றம். அணுவைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரான்களின் பிணைப்பைத்தான் அது மாற்றும். கதிரியக்கம் இருப்பது அணுவின் கருவுக்குள். எந்த அடுப்பின் சூடும் அங்கே எட்டாது. பொது எரிப்பு ஆலையின் முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, இரண்டாவது அறையில் சுமார் 1,050 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சூட்டில் கிருமி பிழைக்காது. அயோடினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 184 டிகிரியிலேயே ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும்.

அப்படியானால் உலகத்தில் பல நாடுகள் குறைந்த அளவுக் கழிவை ஏன் எரிக்கின்றன? இடம் மிச்சமாவதற்காகத்தான். பெல்ஜியத்தின் டெசலிலும், ஸ்வீடனின் ஸ்டுட்ஸ்விக்கிலும் இதற்கென்றே எரிப்பு ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவிலும் அணுசக்தி மையங்களில் எரியக்கூடிய கழிவை எரிப்பதும், எரியாததை அழுத்திச் சுருக்குவதும் வழக்கத்தில் உள்ள முறைகள். காகிதம், பஞ்சு, துணி போன்றவற்றை எரித்தால் கனஅளவு ஐம்பதில் ஒரு பங்கு, சில வேளை நூறில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். நூறு டிரம் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ டிரம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சையும் காகிதத்தையும் அப்படியே புதைத்தால் அவை மக்கும். வாயு உருவாகும், மேலே இருக்கும் மண் இறங்கும், தண்ணீர் புகும். சாம்பலைச் சிமென்ட்டோடு கலந்து இறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இந்த லாபத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நூறு டிரம்மில் பரவிக் கிடந்த கதிரியக்கத்தில் பெரும்பகுதி இப்போது இரண்டு டிரம் சாம்பலில் அடைந்திருக்கும். ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பல மடங்கு வீரியம். குறைந்த அளவு என்று உள்ளே போனது, சாம்பலாக வெளியே வரும்போது இடைநிலை வகைக்கு ஏறிவிடவும் கூடும்.

புகையைப் பிடிப்பதுதான் பாதி வேலை

கதிரியக்கக் கழிவுக்கென்று கட்டிய ஆலையில் அடுப்பைவிடப் புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் சாதனங்கள்தான் பெரிசு. புகையை மறுபடி எரிக்க ஒரு அறை, குளிர்விக்க ஒரு அமைப்பு, அமில வாயுவைக் கழுவ ஒரு அமைப்பு, அதற்கப்புறம் நுண்துகள் வடிகட்டி. ஹெபா எனப்படும் இந்த வடிகட்டிகள் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் தரம் கொண்டவை. அயோடின் வாயுவைப் பிடிக்கத் தனியாகக் கரி வடிகட்டி வேண்டும்.

அப்படியும் சிலது நழுவும். கார்பன்-14 எரிந்தால் கரியமில வாயுவாகப் போகும். டிரிட்டியம் நீராவியாகப் போகும். துகள் வடிகட்டியால் இரண்டையும் நிறுத்த முடியாது. சீசியத்தின் உப்புகளும் அதிகச் சூட்டில் ஓரளவு ஆவியாகும். அதனால் அடுப்புக்குள் எது போகலாம், எவ்வளவு போகலாம் என்பதை முன்னாடியே அளந்து முடிவு செய்ய வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் உள்ளே போனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி குழாய்களையே அரித்துவிடும். அதையும் பிரித்து எடுக்க வேண்டும்.

முடிவில், பயன்படுத்திய வடிகட்டி கதிரியக்கக் கழிவு. புகையைக் கழுவிய தண்ணீர் கதிரியக்கக் கழிவு. சாம்பலைத் தொட்ட கையுறையும் கதிரியக்கக் கழிவு. எரிப்பது கதையை முடிப்பதில்லை. குப்பையைக் கைக்கு அடக்கமாக மாற்றுகிறது, அவ்வளவே.

பொது உயிரி மருத்துவ எரிப்பு ஆலைகள் இந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அங்கே சாம்பலை வாரும் தொழிலாளிக்கு அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியும் இல்லை. அதனால்தான் பை வண்டியில் ஏறுவதற்கு முன்பே தடுப்பது முக்கியம்.

300 வருஷம் யார் காவல் இருப்பது?

சீக்கிரம் வீரியம் குறையாத பொருட்களுக்குக் காத்திருப்பு உதவாது. அணு மின் நிலையத்தின் குறைந்த, இடைநிலைக் கழிவு இந்தியாவில் நிலத்தின் மேற்பகுதியிலேயே கட்டிய கிடங்குகளில் வைக்கப்படுகிறது. வீரியம் மிகக் குறைவான கழிவுக்குக் கல் பாவிய குழி, அதற்கு மேல் கான்கிரீட் குழி, அதற்கும் மேல் ஆழமான குழாய்க்கிணறு போன்ற அமைப்பு. அணுசக்தி மையங்களின் வளாகத்துக்குள்ளேயே இவை இருக்கின்றன. கல்பாக்கத்தில் இதற்கான மையப்படுத்தப்பட்ட கழிவு மேலாண்மைப் பிரிவு செயல்படுகிறது.

இப்படிப்பட்ட கிடங்குகளை மூடிய பிறகும் சுமார் 300 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது உலக அளவில் புழங்கும் கணக்கு. மேலே சொன்ன அதே பெருக்கல்தான். சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு, அதைப் பத்தால் பெருக்கினால் 300.

முந்நூறு வருஷம் பின்னால் போனால் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்குள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். அவ்வளவு நீளமான காலத்துக்கு ஒரு பதிவேடு கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். கான்கிரீட்டைவிட அந்தப் பதிவேடு நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

பதிவேடு தவறினால் என்ன ஆகும்?

2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையின் பழைய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் போனது. பல வருஷமாகப் பயன்படுத்தாமல் கிடந்த கருவி. அதற்குள் கோபால்ட்-60 இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாயாபுரி காயலான் கடைச் சந்தையில் அதை உடைத்தார்கள். பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தார்.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்திலும் இதே கதை. கைவிடப்பட்ட கிளினிக்கில் விட்டுப்போன புற்றுநோய் சிகிச்சைக் கருவியை இரண்டு பேர் இரும்புக்காக எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த சீசியம் தூள் இருட்டில் நீலமாக மின்னியது. அழகாக இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்கும் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. வீடுகளை இடித்து, மண்ணை வாரி, சுமார் 3,500 கன மீட்டர் கழிவை அடைத்து வைத்தார்கள்.

இந்த இரண்டும் குறைந்த அளவுக் கழிவு அல்ல, மிக வீரியமான மூலங்கள். ஒரு டிஷ்யூ பை யாரையும் இப்படிக் கொல்லாது. ஆனால் தப்பு நடந்த இடம் ஒன்றேதான். பொருள் இருந்தது, அதை ஞாபகம் வைத்திருக்க ஆள் இல்லை. பையில் தேதி எழுதாத பழக்கம் பெரிதாக வளர்ந்தால் மாயாபுரியில்தான் போய் நிற்கும்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சுட்டியது. பயன்படுத்தி முடித்த கதிரியக்க மூலங்கள் உண்மையிலேயே பாதுகாப்பாக அகற்றப்பட்டனவா என்று சரிபார்க்க ஒழுங்குமுறை வாரியத்திடம் முறையான ஏற்பாடு இல்லை என்றது. அதற்குப் பிறகு அனுமதி முறைகள் ஆன்லைனுக்கு மாறியிருக்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் திரையில் பதிவு இருப்பது வேறு, பின்வாசலில் பை நிற்பது வேறு.

"இடம் இல்ல சார்"

மருத்துவமனை நிர்வாகங்கள் சொல்லும் பதில் எளிதில் ஊகிக்கக்கூடியது. நகரத்தின் நடுவில் சதுர அடிக்கு இவ்வளவு வாடகை. குப்பையை 80 நாள் வைத்திருக்க ஒரு அறையா? அந்த இடத்தில் இரண்டு கட்டில் போடலாமே? இதைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. கட்டில் கிடைக்காமல் காத்திருக்கும் நோயாளியும் நிஜம்தான்.

ஆனால் கதிரியக்க மருந்துக்கான கட்டணத்தில் கழிவு அறையின் வாடகையும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும். அந்த அறை வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கும் பணம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பை தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், சாம்பல் வாருகிறவர் ஆகியோரின் உடம்பில் அது செலவாக ஏறும். கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு மார்பில் அளவி பேட்ஜ் உண்டு. அவர்களின் வரம்பு ஐந்தாண்டு சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட். பொதுமக்களுக்கான வரம்பு 1 மில்லிசீவெர்ட்தான். பேட்ஜ் இல்லாத துப்புரவுப் பணியாளர் இரண்டாவது வகை. அவருக்குப் பாதுகாப்பு அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் அவர் எவ்வளவு வாங்கினார் என்பதற்குப் பதிவே இருக்காது.

செய்யக்கூடியவை

பெரிய செலவு இல்லாமல் செய்ய முடிந்த காரியங்கள் இருக்கின்றன. மஞ்சள் பைகளுக்கு ஏற்கெனவே பார்கோடு முறை இருக்கிறது. அதே மாதிரி கதிரியக்கப் பைக்கும் பொருளின் பெயர், கட்டிய தேதி, திறக்கக்கூடிய தேதி மூன்றும் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தேதிக்கு முன் பை வெளியேறினால் யார் கையெழுத்து என்று தெரிய வேண்டும்.

பொது எரிப்பு ஆலைகளின் வாசலிலும் பெரிய இரும்புக் கழிவுச் சந்தைகளிலும் கதிர்வீச்சு அளவி கட்டாயமாக வேண்டும். பல நாடுகளில் குப்பைக் கிடங்கு வாசலிலேயே இது இருக்கிறது. வீட்டுக்குப் போன நோயாளியின் டயப்பர்கூட அங்கே அலாரம் அடிக்க வைக்கும். அடித்தால் பதறத் தேவையில்லை. ஓரமாக நிறுத்தி, சில வாரம் வைத்திருந்து, மறுபடி அளந்தால் போதும்.

எச்சரிக்கைப் பலகையைப் படிக்கிறவரின் மொழியில் எழுத வேண்டும். மூன்று இதழ் கதிரியக்கச் சின்னம் பலருக்கும் மின்விசிறி படம் மாதிரிதான் தெரியும். சர்வதேச அணுசக்தி முகமையே இதை உணர்ந்து, 2007இல் மண்டையோடும் ஓடும் மனிதனும் இருக்கும் சிவப்பு முக்கோணச் சின்னத்தை வீரியமான மூலங்களுக்காகக் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரி வார்டில் அதற்கும் அவசியமில்லை. "இந்தப் பையைத் தொடாதே, இந்தத் தேதி வரை" என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு வரி போதும்.

எல்லாவற்றையும்விட, அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்யும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்குப் பயிற்சியும் பேட்ஜும் கொடுக்காத மருத்துவமனைக்கு அனுமதி புதுப்பிக்கப்படக் கூடாது.

கதிரியக்க அயோடின் உயிர் காக்கும் மருந்து. அதைப் பார்த்துப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம். "குறைந்த அளவுதானே" என்று அலட்சியமாக விடுவதும் அதே ரகம். அயோடின் தன் வேலையை 80 நாளில் தானே முடித்துக்கொள்ளும். அதுவரை அந்தப் பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும்.